நெஞ்சுவரை போன குழாய்

நவம்பர் 4, சனி

மகள் கோகிலா மஸ்கட்டிலிருந்து போன் போட்டு அழுதாள். சின்னவளுக்கு அம்மை போட்டிருக்கிறது, உடனே கிளம்ப வழியில்லை. "டாக்டருங்க சொல்றதையெல்லாம் ஒண்ணு விடாம எழுதி வையும்மா. தெனமும் எனக்குப் படிச்சுச் சொல்லு" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

நோயாளியின் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தாறு. ஈரோட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர். நான் சம்பூர்ணம்.

ஒன்பது வருஷமாக நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. கோகிலாவின் வளைகாப்பில், பந்தி நடக்கும்போது, ஊரே பார்க்க என்னைப் பார்த்து "வாய மூடு" என்றார். மூடிக்கொண்டேன். சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து காலமெல்லாம் ஊரைப் பேசவைத்தவள் நான். என் வீட்டில் நான் பேசுவது சுவரோடு. "சில பேருக்குச் சோறு ஆறிப்போனது தெரியறதில்ல" என்று சுவரிடம் சொல்வேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டு, "சில பேரு ரசத்துல உப்பே போடறதில்ல" என்பார். குடித்தனம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

இந்த வாரம் முழுக்க அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பார்த்தேன். சுவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்று காலை குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் திருமூர்த்தி முதலில் கேட்டதே, "வலி எப்பலேர்ந்தும்மா?" என்பதுதான். தெரியலீங்க என்றேன்.

அவர் சொன்னது: பித்தப்பையில் சீழ் கட்டி, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. சீழை எடுக்க ஒரு குழாய் போட்டாயிற்று. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. அதைத் தூக்கி நிறுத்தும் மருந்து ரொம்பக் காரமானது, கையிலுள்ள சின்ன ரத்தக்குழாயில் ஏற்றினால் கையே புண்ணாகிவிடும். அதனால் கழுத்து வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, இதயத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

"பக்கத்துலயே தமனி ஓடுது. அதுக்குக் கீழ நுரையீரல் இருக்குது. எவ்வளவு கவனமா இருந்தாலும் சில பேருக்குத் தப்பு நடக்கும். தெரிஞ்சு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன். பேனா வழுக்கியது.

நவம்பர் 5, ஞாயிறு

தப்பு நடந்துவிட்டது.

ஸ்கேன் வைத்துப் பார்த்துத்தான் ஊசி போட்டார்களாம். ஆனால் அவர் உடம்பில் நீரே இல்லாததால் அந்த ரத்தக்குழாய் சப்பையாகக் கிடந்திருக்கிறது. ஊசி அதைத் தாண்டிப் பின்னால் இருந்த தமனியில் பட்டுவிட்டது. கழுத்து ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. டாக்டரே விரலை வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். பிறகு கழுத்தை விட்டுவிட்டுக் காறையெலும்புக்குக் கீழே வேறு இடத்தில் குழாயைப் போட்டிருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "பழகறதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் கெடச்சாருங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "இருபது வருஷமா பண்றனுங்கம்மா. இன்னிக்கும் தப்பிருச்சு" என்றார்.

ஒரு டாக்டர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைக்கவில்லை. மேலே திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

குழாயை எப்படி உள்ளே விடுவீர்கள் என்று கேட்டேன். முதலில் ஊசியாம். ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பி. ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேலேயே குழாயை நழுவவிட்டு, பிறகு கம்பியை உருவிவிடுவார்களாம். கம்பியின் நுனி சில சமயம் இதயத்தைத் தொட்டுவிடும். தொட்டால் இதயம் தாறுமாறாகத் துள்ளும், மானிட்டரில் தெரியும். உடனே கொஞ்சம் பின்னால் இழுத்தால் மறுபடியும் பழையபடி அடிக்கும்.

"அவருக்கும் துள்ளுச்சுங்களா?"

"ரெண்டு துள்ளு. அப்பறம் அது பாட்டுக்கு வேலையைப் பாக்கப் போயிருச்சு."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருக்கிற நான்கூட அந்த இடத்துப் பக்கம் போனதில்லை. ஒரு கம்பி போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அது கோபித்துக்கொண்டு நின்றுவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 6, திங்கள்

அடுத்த இடி. காறையெலும்புக்குக் கீழே குத்தியபோது நுரையீரலின் ஓரத்தில் ஊசி பட்டிருக்கிறது. நேற்று எக்ஸ்ரே எடுத்தபோது தெரியவில்லையாம். மூச்சுக்காக அவருக்கு வைத்திருக்கும் செயற்கை சுவாச மெஷின் காற்றைத் தள்ளத் தள்ள, அந்தச் சின்னத் துளை வழியாகக் காற்று கசிந்து, வலது நுரையீரல் சுருங்கிவிட்டது. விலாவில் ஒரு குழாய் போட்டுக் காற்றை வெளியே எடுக்கிறார்கள். டாக்டரே வந்து, கேட்கும் முன்னால் சொன்னார். சண்டை போடத் தெம்பில்லை.

மாலையில் உள்ளே விட்டார்கள். விலாக் குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருக்கிறது. குமிழி குமிழியாக வருகிறது. அது அவருடைய மூச்சு. கண்ணால் பார்க்கக் கிடைக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஜெனிட்டா, நாகர்கோவில் பக்கத்துப் பெண், "நேரமாச்சும்மா" என்று தொட்டுச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

நவம்பர் 8, புதன்

மருந்தின் தயவில் ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. மூத்திரம் நன்றாகப் போகிறது. ஒருவர் மூத்திரம் போனதற்கு நான் சாமி கும்பிடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வீட்டுக்குப் போய்க் குளித்து, அவருடைய வேட்டிகளைத் துவைத்துப் போட்டேன். அவை நாற ஆரம்பித்திருந்தன, அதற்காகத்தான்.

நவம்பர் 10, வெள்ளி

நுரையீரல் விரிந்துவிட்டது. பாட்டிலில் குமிழி நின்று, விலாக் குழாயை எடுத்துவிட்டார்கள். சுவாச மெஷினையும் எடுத்துவிட்டார்கள். சொந்தமாக மூச்சு விடுகிறார்.

ஆனால் புத்தி தடுமாறுகிறது. காற்றில் இரண்டு கையையும் சுற்றிச் சுற்றிக் காயில் கட்டுகிறார். ஜெனிட்டாவைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லி அதட்டுகிறார். இந்தப் பிரிவில் கிடப்பவர்களுக்கு இப்படி ஆவது சகஜமாம், தானாகத் தெளியுமாம்.

என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, என்னை மட்டும் அடையாளம் தெரிகிறது.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நல்ல நாளும் அதுவுமாக உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெயாவது வைக்காவிட்டால் எப்படி என்று சின்ன டப்பாவில் நல்லெண்ணெய் கொண்டுபோயிருந்தேன். காலைப் பார்வை நேரம். ஜெனிட்டா அடுத்த கட்டிலில் வேலையாக இருந்தாள். அவர் தலையணையில் அழுந்திக் கிடந்தார், உச்சி எட்டவில்லை. பிறகு எட்டியது.

எண்ணெய் வைத்தேன். கழுத்துப் பக்கம் கொஞ்சம் வழிந்தது, துடைத்தேன். வெளியே யாரோ ஒரு வெடியைப் பற்றவைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டுக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். காறையெலும்புப் பக்கம் இருந்த பிளாஸ்திரி எண்ணெயில் நழுவிக் கையோடு வந்தது. குழாயும் வந்தது. குழாயைத் தோலோடு பிடித்திருந்த தையல் பிய்ந்துகொண்டு வந்தது.

ரத்தம் அதிகமில்லை. சீச்சென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அவர் முகம் நீலமாகிவிட்டது.

என்னை வெளியே தள்ளினார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டை அப்படியே கீழே இறக்கி, அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் புரட்டினார்கள். டாக்டர் ஓடிவந்தார், ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது.

பிழைத்துக்கொண்டார். எப்படி என்று எனக்குத் தெரியாது.

கட்டிலை யார் நிமிர்த்தியது என்று ஒரு சிஸ்டர் கேட்டாள். நான் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றேன்.

நவம்பர் 13, திங்கள்

டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். இதயத்துக்குப் போகிற அந்தப் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் ரொம்பக் குறைவு. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். அங்கே ஓட்டை திறந்திருந்தால் வெளிக்காற்றையும் இழுத்துக்கொள்ளும். அந்தக் காற்று இதயத்தில் போய் அடைத்துக்கொண்டால், தள்ளுவதற்கு ரத்தம் இல்லாமல் இதயம் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். தலையை இறக்கி இடப்பக்கம் படுக்கவைத்தால் காற்று ஒரு மூலையில் ஒதுங்கி, ரத்தம் போக வழி கிடைக்கும்.

மூக்கு வழியாகப் போனால் உயிர். காறையெலும்பு வழியாகப் போனால் சாவு. இரண்டும் ஒரே காற்று. நாமெல்லாம் இப்படி ஒரு நூலிழையில் நடமாடிக்கொண்டு, ரசத்தில் உப்பு இல்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறோம்.

மருந்து இன்னும் தேவைப்படுவதால் இடது கழுத்தில் புதிதாக ஒரு குழாய் போட்டார்கள். இந்தத் தடவை நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இரண்டு மூன்று தடவை எகிறிக் குதித்தது. கம்பி உள்ளே போய்த் தொட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று தெரியவில்லை. கோடு மறுபடியும் சீராக ஓடியது.

ஒரு தவறும் இல்லாமல் முடிந்தது.

ஜெனிட்டாவுக்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. கட்டிலை நிமிர்த்திவிட்டுக் கவனிக்காமல் போனது அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மருந்து கலக்கினாள். எனக்குத் தலைவலி. கேன்டீனில் போய்க் காப்பி குடித்தேன்.

நவம்பர் 15, புதன்

கோகிலாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். தீபாவளியன்று எழுதியதைக் கொஞ்சம் சுருக்கிப் படித்தேன்.

நவம்பர் 17, வெள்ளி

நேற்று ரத்த அழுத்த மருந்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள். சந்தோஷப்பட்டு முடிவதற்குள் இன்று குளிர்காய்ச்சல். கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார். கழுத்துக் குழாயில் கிருமி தொற்றியிருக்கும் என்கிறார் டாக்டர். இனி அது உள்ளே இருக்கக் கூடாது, நாளைக் காலையில் எடுத்தாக வேண்டும்.

"எடுக்கறது சுலபந்தானுங்களே?"

"படுக்கவெச்சு, மூச்சை வெளிய விடும்போது உருவணும். இல்லாட்டி 'ம்'முன்னு முனகிட்டே இருக்கணும். சத்தம் வர்ற வரைக்கும் காத்து வெளிய போகும், உள்ள இழுக்காது. அந்த நேரம் பாத்து எடுத்துட்டு உடனே அழுத்திப் பிடிச்சுக்குவோம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா இவரு யாரு சொல்றதையும் கேக்கறதில்ல, கையைத் தட்டிவிட்டுட்டுத் திமிர்றாரு. திணறித் திணறி மூச்ச இழுக்கறாரு. தீபாவளிக்கு ஆனது மறுபடியும் ஆச்சுன்னா இவரு இதயம் தாங்குமான்னு எனக்குத் தெரியல."

"தூக்க மருந்து குடுத்துட்டா?"

"மூச்சு அடங்கிரும். மறுபடி மெஷினுக்குப் போகணும்."

குழாய் உள்ளே இருந்தால் கிருமி. வெளியே எடுத்தால் காற்று. அவர் ஒரு 'ம்' சொல்வதில் இருக்கிறது எல்லாம். ஒரு மனுஷன் உயிரோடு இருப்பதற்கு எத்தனை பெரிய விஷயமெல்லாம் வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, சனி

காலையிலேயே கூப்பிட்டார்கள். நீல அங்கி மாட்டி, வாயை மூடக் கவசம் கொடுத்தார்கள்.

அவரைச் சமமாகப் படுக்கவைத்து, கால் பக்கம் உயர்த்தியிருந்தார்கள். டாக்டர் கையுறை போட்டுத் தயாராக நின்றார். ஜெனிட்டா குனிந்து, "அய்யா, 'ம்'முன்னு சொல்லுங்க, நீளமா சொல்லுங்க" என்று கெஞ்சினாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் திணறினார். கோகிலாவைப் போனில் பிடித்துக் காதருகில் வைத்தேன். "அப்பா, அப்பா" என்று அவள் குரல் கேட்டதும், அவள் எங்கே எங்கே என்று எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்து அமுக்க வேண்டியதாயிற்று. போனை வாங்கி வைத்துவிட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க பேசுங்கம்மா."

"நாங்க பேசறதில்லீங்க."

"யாரு?"

"நானும் அவருமுங்க. ஒம்பது வருஷமாச்சுங்க."

டாக்டர் மானிட்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரி. இன்னிக்குப் பேசுங்க" என்றார்.

பழக்கம் விடுமா? சுவரைப் பார்த்தேன். "சில பேரு..." என்று ஆரம்பித்தேன். ஒரு மனுஷன் உயிர் நுனியில் கிடக்கும்போதும் எனக்குச் சுவர் வேண்டியிருக்கிறதே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. கவசத்தைக் கீழே இறக்கிவிட்டேன். குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தேன்.

"ஏனுங்க."

ஆட்டிக்கொண்டிருந்த தலை நின்றது.

எங்கள் பக்கம் ஒருவர் கதை சொன்னால் கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். இது யாரும் சொல்லித் தருவதில்லை, தொட்டில் பிள்ளைக்கே தெரியும். புத்தி போனாலும் இது போகாது என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

"ஒரு ஊர்ல ஒரு மோட்டார்க் கடைக்காரர் இருந்தாருங்க."

அவர் கண் என் வாயையே பார்த்தது.

"ம்" என்றார்.

குட்டி 'ம்'. டாக்டர் தலையசைத்து, தையலை வெட்டினார்.

"அவருக்கு வயித்து வலி வந்துச்சுங்க. சம்சாரம் பாத்துட்டே இருந்தா. என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க."

"ம்."

"அப்பறம் கழுத்து வழியா நெஞ்சு வரைக்கும் ஒரு கம்பி விட்டாங்க. அது உங்க இதயத்தைத் தொட்டுச்சுங்க. நான் பாத்தனுங்க. துள்ளுச்சு. ஆனா நிக்கல. அப்படியே அடிச்சுட்டே இருந்துச்சு. அத மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்லீங்க."

"ம்ம்." கொஞ்சம் நீளமாக வந்தது. டாக்டரின் விரல்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. இன்னும் நீளமாக வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னார்.

என்னிடம் வேறு கதை இல்லை. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. ஜெனிட்டா பக்கத்திலேயே நின்றாள்.

"தீபாவளியன்னிக்கு அந்தச் சம்சாரம் எண்ணெ வெக்க வந்தாளுங்க. ஒசரம் எட்டலீங்க. கட்டிலத் தூக்கி உங்கள உக்காரவெச்சது சிஸ்டர் இல்லீங்க. நாந்தானுங்க. நாந்தான் உங்களச் சாகடிக்கப் பாத்துட்டு, வெளிய போயி காப்பி குடிச்சனுங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அந்தக் கண்ணில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற எண்ணமே இல்லை.

"ம்ம்ம்ம்ம்" என்றார்.

நெஞ்சின் அடியிலிருந்து வந்தது அது. நீண்டுகொண்டே போனது. அது போய்க்கொண்டிருக்கும்போதே குழாய் வெளியே வந்தது. ஒரு சாண் இருக்கும். இத்தனை நாள் அவருடைய இதயத்தின் வாசலில் இருந்தது, இதோ டாக்டரின் கையில் இருக்கிறது. ஜெனிட்டா சட்டென்று பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவள் கையுறை மேலேயே விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

எல்லோரும் மானிட்டரைப் பார்த்தோம். பச்சைக் கோடு சீராக ஓடியது. முகம் சிவப்பாகவே இருந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆச்சும்மா" என்றார் டாக்டர். "நிறுத்திக்கலாம்."

நான் நிமிர்ந்தேன். ஜெனிட்டாவிடம் என்ன சொல்வது என்று திரும்பினேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல், ஒன்பது வருஷமாக பேப்பரிடம் மட்டும் பேசிய குரல்.

"அப்பறம்?" என்றார்.

நவம்பர் 19, ஞாயிறு

பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. ஜெனிட்டா வெந்நீர் கொடுத்தாள். இன்று இவ்வளவுதான்.